பேட் மாற்றியாயிற்று, பிரேக் சரியில்லை

பேட் மாற்றி முடித்து, சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கியாயிற்று. இப்போது வண்டியை ஓர் அடிகூட நகர்த்தக் கூடாது. இன்ஜினைப் போடாமல் சீட்டில் உட்கார்ந்து பிரேக் பெடலை நிதானமாக அமுக்கி அமுக்கி விடுங்கள். முதல் சில தடவை பெடல் கிட்டத்தட்ட தரைவரை போகும். அது கோளாறு அல்ல. தடித்த புதுப் பேட் நுழைவதற்காகக் காலிபர் பிஸ்டனை நீங்களே உள்ளே தள்ளினீர்கள். அது வெளியே வந்து பேட்டை டிஸ்க்கோடு சேர்க்கும்வரை காலுக்கு எதிர்ப்பு கிடைக்காது. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் ரிவர்ஸ் கியர் போட்டால், பின்னால் இருக்கும் சுவரோ குழந்தையோதான் வண்டியை நிறுத்த வேண்டிவரும்.

ஐந்தாறு அமுக்கில் பெடல் மேலேறிக் கெட்டியாக நின்றால் நல்ல அறிகுறி. பானட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். பெடல் கெட்டியாகவில்லை என்றாலும், கெட்டியாகியும் ஓட்டும்போது வேறு தொந்தரவு தெரிந்தாலும் மேலே படியுங்கள். நம் தெருக்களில் அதிகம் ஓடும் சின்னக் காரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்: முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், பெடலுக்கு உதவ ஒரு வாக்குவம் பூஸ்டர்.

கோளாறு தேடுவதற்கு முன் ஒரு தாளில், இன்று உங்கள் கை எங்கெல்லாம் பட்டது என்று எழுதுங்கள். எந்தச் சக்கரங்கள், எந்த போல்ட்டு, ஆயில் லைனைத் திறந்தீர்களா, ஹோஸைக் கழற்றினீர்களா, டிரம்மைத் திறந்தீர்களா. நேற்றுவரை நன்றாகப் பிடித்த பிரேக் இன்று கெட்டிருக்கிறது என்றால், காரணம் பெரும்பாலும் அந்தத் தாளுக்குள்ளேதான் இருக்கும். பலர் இதைச் செய்யாமல் நேராகக் கடைக்குப் போய் மாஸ்டர் சிலிண்டர் வாங்கிவிடுகிறார்கள். பணமும் போகிறது, புதிதாக இன்னும் நான்கு இணைப்புகளைத் திறந்ததால் புதுக் கோளாறுக்கும் இடம் உண்டாகிறது.

பெடல் பஞ்சு மாதிரி இருந்தால்

வீட்டில் பிரேக் வேலை செய்பவர்களின் பொதுவான புகார் இது. உடனே எல்லோரும் சொல்வது, "ஏர் இருக்கு, ஏர் எடுங்க." ஏர் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: லைனைத் திறந்தீர்களா? பேட் மட்டும் மாற்றி, பிளீடிங் நிப்பிளையோ ஹோஸையோ தொடவே இல்லை என்றால் காற்று உள்ளே போக வழியில்லை. அப்போது எத்தனை பாட்டில் ஆயிலை ஓட்டினாலும் பெடல் மாறாது. பேட் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். பேட்டின் காது காலிபர் பிராக்கெட்டின் பள்ளத்தில் முழுதாக இறங்காமல் சாய்ந்து நின்றால், ஒவ்வோர் அமுக்குக்கும் பேட் வளைந்து கொடுக்கும். அந்த வளைவைத்தான் கால் பஞ்சாக உணர்கிறது. பழைய ஷிம்மைப் பிஸ்டனில் ஒட்டியபடியே விட்டு, அதன்மேல் புது ஷிம்மையும் வைத்திருந்தாலும் இதே கதை. டிஸ்க்கின் ஓரத்தில் வரம்பு போல மேடு கட்டியிருந்தால் புதுப் பேட் அந்த மேட்டில் ஏறி நிற்கும். மேலும், புதுப் பேட்டும் பழைய டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று தேய்ந்து பழகும்வரை பெடலில் சிறிது மென்மை இருக்கும். அது முதல் சில நூறு கிலோமீட்டரில் குறையும்.

பின்சக்கர டிரம்மையும் சந்தேகியுங்கள். சோதனை எளிது. ஹேண்ட் பிரேக்கை நான்கைந்து சொடுக்கு இழுத்துவைத்துப் பெடலை அமுக்குங்கள். சட்டென்று பெடல் உயரமாகவும் கெட்டியாகவும் ஆகிவிட்டால், டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவே இடைவெளி அதிகம் என்று பொருள். ஷூ அந்த இடைவெளியைக் கடப்பதற்குள் பெடலின் பாதிப் பயணம் தீர்ந்துவிடுகிறது. முன்சக்கரத்தில் எதையும் தொட வேண்டாம். பின் ஷூக்களை அட்ஜஸ்ட் செய்தால் போதும்.

லைனைத் திறந்திருந்தால் காற்றுதான் முதல் குற்றவாளி. ஆயில் அழுத்தத்துக்குச் சுருங்காது, காற்று சுருங்கும். காலின் பலம் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிறது. அடையாளம்: வேகமாக மூன்று நான்கு முறை அமுக்கினால் பெடல் ஏறும், விட்டுவிட்டுச் சற்று நேரம் கழித்து அமுக்கினால் மீண்டும் இறங்கும்.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். உள்ளே இருப்பவர் மெதுவாக அமுக்கிப் பிடித்து "பிடிச்சிருக்கேன்" என்று சொல்ல வேண்டும். வெளியே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்று திறக்க, பெடல் கீழே போகும், குழாயில் ஆயிலோடு குமிழி வரும். நிப்பிளை மூடி "விடு" என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்க வேண்டும். மூடுவதற்கு ஒரு நொடி முன்னால் கால் எழும்பினால், வெளியே போன காற்று அதே வழியாக உள்ளே திரும்பும். பல வீடுகளில் ஒரு மணி நேரம் ஏர் எடுத்தும் பெடல் ஏறாததற்கு இந்த ஒரு நொடிதான் காரணம். நிப்பிளில் மாட்டிய குழாயின் மறுமுனை, பாட்டிலில் இருக்கும் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். டப்பாவில் ஆயில் மட்டத்தை விடாமல் கவனியுங்கள். அது காலியாகி மாஸ்டர் சிலிண்டர் காற்றைக் குடித்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது? மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் இருப்பதிலிருந்து அருகில் வருவது பழைய வழக்கம். ஆனால் முன்சக்கர இழுவைக் கார்களில் பிரேக் லைன் பெரும்பாலும் குறுக்காகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு முன்சக்கரமும் எதிர்ப்பக்கப் பின்சக்கரமும் ஒரே சுற்றில் வரும். அவற்றில் வரிசை வேறாக இருக்கலாம் என்பதால் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதையே பின்பற்றுங்கள். ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் காற்று புகுந்திருந்தால் காலால் அமுக்கி எடுக்க முடியாமல் போகலாம். ஸ்கேனரை மாட்டி அதன் பம்பையும் வால்வுகளையும் ஓடவிட்டு எடுக்க வேண்டிவரும்.

இன்னொரு தவறை அனுபவசாலிகள்கூடச் செய்வதுண்டு. காலிபர்களையே மாற்றும்போது இடதும் வலதும் மாறிப் போய்விடும். போல்ட்டு சரியாக ஏறும், பேட் சரியாக உட்காரும், எல்லாம் பொருந்தும். நிப்பிள் மட்டும் மேலே இருப்பதற்குப் பதில் கீழே இருக்கும். காற்று எப்போதும் மேலே போய் நிற்கும். கீழே இருக்கும் நிப்பிள் வழியாக அது ஒருநாளும் வெளியேறாது. காலிபர் மாற்றியிருந்தால் மற்ற எதற்கும் முன் இதைப் பாருங்கள்.

எந்த ஆயில் என்பது டப்பாவின் மூடியிலேயே அச்சாகியிருக்கும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. டாட் 5 சிலிக்கான் வகை. அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. கிளைக்கால் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த எல்லை 155 டிகிரி. போன வருடம் திறந்து, ஷெல்ஃபில் மழைக்காலம் முழுக்கக் கிடந்த அரை பாட்டிலைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். தெருவில் வழக்கம்போல ஓடும்போது வித்தியாசம் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கும்போது ஆயிலிலுள்ள நீர் கொதித்து ஆவியாகி, கெட்டியாக இருந்த பெடல் திடீரென்று தரைக்குப் போகும்.

டப்பாவில் தவறுதலாக இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றிவிட்டால் பெடலை ஒருமுறைகூட அமுக்காதீர்கள். அது பட்ட ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். அமுக்காதவரை சேதம் டப்பாவோடு நிற்க வாய்ப்புண்டு. அமுக்கி லைனுக்குள் போய்விட்டால் மாஸ்டர் சிலிண்டர் முதல் ஹோஸ்வரை ரப்பர் உள்ள அத்தனையும் மாற்ற வேண்டும்.

பெடல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால்

இதைப் பஞ்சுப் பெடலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பெடலை மிதமான பலத்தில் அமுக்கி, ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். கெட்டியாகத் தொடங்கிப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனால் ஆயில் எங்கோ தப்பிக்கிறது. நான்கு சக்கரங்களின் உட்புறம், நிப்பிள்கள், நீங்கள் கழற்றிய இணைப்புகள் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸ் காலிபரில் சேரும் இடத்தில் போல்ட்டுக்கு இருபக்கமும் செம்பு வாஷர் உண்டு. பழையதையே போட்டிருந்தால் அங்கே கசியும். டிரம்முக்குள் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாகத் தூக்கினால் ஆயில் ஒழுகுகிறதா என்று தெரியும். கசிவைக் கண்டால் அது நிற்கும்வரை வண்டி வீட்டிலேயே நிற்க வேண்டும்.

வெளியே எங்கும் ஈரமில்லை, பெடல் மட்டும் இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வழியாக ஆயில் பின்வாங்குகிறது. நேற்றுவரை நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் ஏர் எடுத்த அன்று ஏன் கெட வேண்டும்? தினசரி ஓட்டத்தில் பெடல் மேல்பாதியில்தான் வேலை செய்கிறது. சிலிண்டரின் ஆழப்பகுதிக்கு ரப்பர் பல வருடங்களாகப் போனதே இல்லை. அங்கே துருவும் கசடும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை அமுக்கியதும் ரப்பர் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழிகிறது. பழைய வண்டியில் ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து அது தரைவரை போகாமல் தடுப்பது இதற்காகத்தான். ஐம்பது ரூபாய்கூடப் பெறாத கட்டை, மாஸ்டர் சிலிண்டரைக் காப்பாற்றும்.

பெடல் அசையாமல், வண்டியும் நிற்காமல் போனால் பூஸ்டரைச் சோதியுங்கள். இன்ஜின் நின்ற நிலையில் ஐந்தாறு முறை அமுக்கி, பிறகு அமுக்கிப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவில்லை என்றால் அதற்குப் போகும் வாக்குவம் ஹோஸ் கழன்றிருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூஸ்டர் சரி, ஆனாலும் வண்டி நிற்க மறுக்கிறது என்றால் பேட்டில் கிரீஸோ பிரேக் ஆயிலோ பட்டிருக்கலாம். புது டிஸ்க்கில் துரு பிடிக்காமலிருக்கப் பூசியிருக்கும் எண்ணெயைத் துடைக்காமல் மாட்டியிருந்தாலும் அப்படித்தான். எண்ணெய் குடித்த பேட்டைச் சிலர் நெருப்பில் காட்டியும் உப்புத்தாள் தேய்த்தும் திரும்பப் போடுகிறார்கள். உள்ளே இறங்கிய எண்ணெய் சூடேறும்போது மறுபடி மேலே வரும். அந்த பேட்டை எறிந்துவிட்டு, அதே அச்சின் இரு பக்கத்துக்கும் சேர்த்துப் புதிதாகப் போடுங்கள்.

சக்கரம் பிடித்துக்கொண்டே இருந்தால்

காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் ஒட்டுவது, பிடிக்காத பிரேக்கைவிட நயவஞ்சகமானது. முதலில் மைலேஜ் குறையும், பிறகு வாடை, பிறகு புகை. ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ரிம்முக்கு அருகே கையைக் கொண்டுபோனால் (தொட வேண்டாம்) எந்தச் சக்கரம் மற்றதைவிடச் சூடு என்று தெரியும்.

அந்தச் சக்கரத்தைத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கைவைக்காதீர்கள், ஸ்டாண்டு கொடுங்கள். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி வண்டியைத் தாங்கவைப்பது உயிருக்கு ஆபத்து, அது எச்சரிக்கை எதுவும் தராமல் நொறுங்கும். ஹேண்ட் பிரேக்கை இறக்கும் முன் தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். இப்போது தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். டிஸ்க் பிரேக்கில் லேசான உரசல் சத்தம் இயல்பு. சுற்றவே பலம் தேவைப்பட்டால் இயல்பல்ல. உதவிக்கு இருப்பவரை ஒருமுறை பிரேக் அமுக்கி விடச் சொல்லி, சக்கரம் இறுகியதும் நிப்பிளைச் சற்றுத் திறங்கள். ஆயில் பீறிட்டு, சக்கரம் விடுபட்டால் கோளாறு ஆயில் அழுத்தத்தில். திறந்தும் விடுபடவில்லை என்றால் காலிபரிலும் பிராக்கெட்டிலும் இருக்கும் இயந்திரச் சிக்கல். இந்த ஒரு சோதனை, தேட வேண்டிய இடத்தைப் பாதியாக்கிவிடுகிறது.

இயந்திரச் சிக்கல் என்றால் ஸ்லைடு பின்னைப் பாருங்கள். காலிபர் இந்த இரண்டு பின்களின்மேல்தான் நகர்கிறது. பல வண்டிகளில் இரண்டும் ஒன்றுபோல இருக்காது, ஒன்றில் ரப்பர் புஷ் இருக்கும் அல்லது ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். மேலே போக வேண்டியது கீழே போனால் இறுகிவிடும். சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிப் பின் நகராது. பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ்தான் வேண்டும். அதையும் அள்ளி அப்பாதீர்கள். அடைபட்ட துளைக்குள் கிரீஸும் காற்றும் சிக்கினால் பின்னை உள்ளே தள்ள முடியாது, தள்ளினாலும் திரும்ப வெளியே வரும். அடுத்தது பிராக்கெட்டில் பேட்டின் காது உட்காரும் பள்ளம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று ஊர்களில் அங்கே பொருத்தியிருக்கும் தகட்டு கிளிப்புக்கு அடியில் துரு வளர்ந்து, பள்ளத்தையே குறுக்கிவிடும். புதுப் பேட் தட்டித் தட்டித்தான் ஏறியது என்றால் காரணம் அதுதான். கிளிப்பைக் கழற்றித் துருவை ஒயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்தால் பேட் கைவிரலால் தள்ளவே நகரும். இடம் போதாமல் பேட்டின் காதை ராவுபவர்கள் துருவை அப்படியே விட்டுவிட்டு நல்ல பொருளைக் கெடுக்கிறார்கள்.

நிப்பிளைத் திறந்ததும் விடுபட்டது என்றால், மறுபடி அமுக்கி இறுகச்செய்து, இம்முறை ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாய் சேரும் நட்டைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் சக்கரம் இறுகியே இருந்து, நிப்பிளைத் திறந்தால் மட்டும் விடுபடுகிறதா? ஹோஸ் உள்ளே சிதைந்துவிட்டது. கால் கொடுக்கும் பலத்துக்கு ஆயில் உள்ளே போகிறது, தானாகத் திரும்பிவர வழியில்லை. வேலை செய்யும்போது காலிபரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடாமல் ஹோஸிலேயே தொங்கவிட்டிருந்தால் பழைய ஹோஸ் இப்படிக் கெடலாம். மாட்டும்போது ஹோஸ் முறுக்கிக்கொண்டதா என்றும் பாருங்கள். சோதனை முடிந்ததும் அந்த நட்டை இறுக்கி, அந்தச் சக்கரத்தில் ஏர் எடுத்துவிடுங்கள்.

ஒரு சக்கரம் அல்ல, எல்லாமே பிடிக்கிறது என்றால் பெடலுக்குப் போங்கள். பெடலை விரலால் தொட்டால் எதிர்ப்பு தொடங்குமுன் சிறு ஆட்டம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகத் திரும்புவதில்லை, ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை அடைபட்டே இருக்கிறது. ஓட ஓட ஆயில் சூடேறிப் பிரேக் தானாக இறுகும்.

பின்னால் மட்டும் பிடித்தால் ஹேண்ட் பிரேக் கேபிள் இறுக்கமாக இருக்கலாம். ஷூ அட்ஜஸ்ட்மென்ட்டை முடித்த பிறகே கேபிளைத் தொட வேண்டும். கேபிளை இழுத்து ஷூவின் தளர்வை மறைப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை. டிரம்மைத் திறந்தவர்கள் இன்னொன்றும் பார்க்கலாம். சில வண்டிகளின் தானியங்கி அட்ஜஸ்டரில் இடது வலது மரைகள் எதிரெதிர்த் திசையில் இருக்கும். மாறிப் போனால் இடைவெளியைக் குறைக்க வேண்டியது அதைச் செய்யாது. டிரம் தூசியை வாயாலோ ஏர் கன்னாலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்துத் துணியைக் கட்டி எறியுங்கள்.

இழுப்பு, சத்தம், அதிர்வு

பிரேக் அமுக்கும்போது வண்டி இடப்பக்கம் இழுத்தால், பலரும் இடது சக்கரத்தைக் கழற்றுகிறார்கள். இடது பக்கம் பெரும்பாலும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, வலதுதான் பிடிக்கவில்லை. வலது காலிபர் நகர்கிறதா, பேட்டில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் தொடாதபோதும் இழுத்தால் கதை தலைகீழ்: இழுக்கும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதற்கும் முன்னால் டயர் காற்றைப் பாருங்கள்.

கீச்சிடும் சத்தம் பெரும்பாலும் ஷிம், கிளிப் விடுபட்டதால் வருவது. எரிச்சலூட்டும், ஆனால் ஆபத்தில்லை. இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். பேட்டின் தகட்டுப்பக்கம் டிஸ்க்கை நோக்கி மாட்டப்பட்டிருப்பது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது. டிஸ்க்குக்குப் பின்னாலிருக்கும் மெல்லிய தகடு வளைந்து உரசினாலும் சத்தம் வரும். கையால் சற்றுத் தள்ளினால் போதும்.

பிரேக் அமுக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்பார்கள். புது டிஸ்க் மாட்டிய அன்றே நடுங்கினால் முதலில் ஹப்பைப் பாருங்கள். டிஸ்க் உட்காரும் முகத்தில் ஒட்டியிருக்கும் துருத்துணுக்கு டிஸ்க்கைச் சாய்த்துவிடும். பல வண்டிகளுக்கு அனுமதிக்கப்படும் கோணல் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர்வரைதான். வீல் நட்டை ஒரு பக்கமாகவே இறுக்கினாலும் கோணல் வரும். ஒன்றுவிட்டு ஒன்றாக, எதிரெதிராக இறுக்குங்கள்.

ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால் சக்கரத்தருகே இருக்கும் சென்சார் ஒயர் இழுபட்டதா, கனெக்டர் கழன்றதா என்று பாருங்கள். பின்னாலும் டிஸ்க் உள்ள பல வண்டிகளில் பிஸ்டனைச் சுற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டியிருக்கும். எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருந்தால் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோன பிறகே பிஸ்டனைத் தொட வேண்டும். இரண்டிலும் கிளாம்ப் வைத்து அழுத்தினால் காலிபர் கெடும்.

ஓட்டிப் பார்த்தல்

பெடல் கெட்டியாக இருந்து, எங்கும் கசிவு இல்லையென்றால் மட்டும் வண்டியை எடுங்கள். முதலில் வாசலில், நடை வேகத்தில், கை ஹேண்ட் பிரேக்கில் இருக்க, ஒருமுறை நிறுத்துங்கள். பிறகு ஆளில்லாத தெருவில் 20 கி.மீ. வேகம், பிறகு 40. அதன்பின் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10க்கு மிதமாகக் குறைத்து, மீண்டும் வேகமெடுத்து, சூடு ஆற இடைவெளி விட்டு, பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள். பேட் பெட்டியில் வேறு முறை அச்சாகியிருந்தால் அதன்படி. இந்த ஓட்டத்தில் முழுதாக நிறுத்திப் பெடலை அமுக்கியபடி காத்திருக்க வேண்டாம். சூடான பேட் ஒரே இடத்தில் ஒட்டித் தடம் விடும், பிறகு அது அதிர்வாகத் தெரியும்.

வீடு திரும்பியதும் ஆயில் மட்டத்தையும், நீங்கள் தொட்ட இணைப்புகளையும் மறுபடி பாருங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் வீல் நட்டை டார்க் ரெஞ்ச்சால் சரிபாருங்கள். பெடல் இறங்குவது, லைன் கசிவது, ஏ.பி.எஸ். யூனிட்டில் காற்று ஆகிய மூன்றில் ஒன்று தீரவில்லை என்றால் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், இல்லை இழுவை வண்டி கூப்பிடுங்கள். வரும் மெக்கானிக்கிடம் முதலில் எழுதிய அந்தத் தாளை, செய்த சோதனைகளின் முடிவோடு கொடுங்கள். எதைத் தொட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொன்னால் அவர் தேடும் நேரமும் உங்கள் செலவும் குறையும்.